ஊர்த் தறியை நம்பி உடை வடிவமைக்க இறங்குபவர்களின் கேள்விகள்

ஃபேஷன் டிசைன் படித்துவிட்டு, சொந்த ஊர் நெசவையோ கைவினையையோ வைத்து உடை செய்யலாம் என்று வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலோடு தொகுத்திருக்கிறோம். எல்லாம் தமிழ்நாட்டுத் தறிகளை மனதில் வைத்துச் சொன்னவை. எளியவை முன்னால், வம்பு பிடித்தவை பின்னால்.

எங்க ஊர்ல பேர் சொல்ற மாதிரி கைத்தொழில் எதுவும் இல்லையே, நான் எதை வச்சு ஆரம்பிக்கிறது?

முதலில் ஊரை விட்டுவிட்டு மாவட்டத்தைப் பாருங்கள். காரைக்குடியில் கண்டாங்கி, மதுரையில் சுங்குடி, பொள்ளாச்சிப் பக்கம் நெகமம், திருச்சியில் உறையூர்ச் சேலை, பவானியில் ஜமக்காளம், சிறுமுகையில் கோரா, மயிலாடுதுறையில் கூறைச்சேலை, பத்தமடையில் கோரைப்பாய், நீலகிரியில் தோடர் பூத்தையல். துணியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. செட்டிநாட்டுக் கொட்டான் ஓலை முடைவதுதான், ஆனால் அதன் கட்டங்களை அப்படியே பாவு (நீளவாக்கு இழை), ஊடை (குறுக்கு இழை) கணக்காக மாற்றலாம்.

பிறகு பக்கத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் மூன்று விஷயம் கேளுங்கள்: இப்போது எத்தனை தறி ஓடுகிறது, முப்பது வருடத்துக்கு முன் என்ன நெய்தார்கள், எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் நின்றுபோனது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் உங்களுக்கு முக்கியம். நெய்ய ஆள் இருந்தும், பாவு போடத் தெரிந்தவர் இல்லாததால் ஒரு ரகமே நின்றுபோயிருக்கும்.

கண்டாங்கி, சுங்குடி, நெகமம் எல்லாமே பருத்திச் சேலைதானே, என்ன பெரிய வித்தியாசம்?

வித்தியாசம் எந்தக் கட்டத்தில் வடிவம் உருவாகிறது என்பதில் இருக்கிறது. கண்டாங்கியில் கட்டமும் அகலக் கரையும் நூலுக்குச் சாயமிட்டு நெய்யும்போதே வந்துவிடுகின்றன. சுங்குடியில் நெய்த துணியைக் கிள்ளி, நூல் சுற்றி முடிச்சிட்டு, அதன்பின் சாயத்தில் முக்குகிறார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாத இடம்தான் புள்ளி. மதுரையில் இது சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை. கோரா என்பது பட்டும் பருத்தியும் சேர்ந்த நெசவு.

உடை தைக்கிறவருக்கு இது வெறும் வரலாறு இல்லை. கண்டாங்கியில் கட்டத்தைத் தையலில் பொருத்தியாக வேண்டும், அதனால் துணி கூடுதலாகப் போகும். சுங்குடியில் புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதைச் சாயத்துக்கு முன்பே உடையின் வெட்டுக்கு ஏற்பக் குறித்துக் கொடுக்கலாம். அந்த வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. கோராவில் பருத்தி சுருங்கும் அளவுக்குப் பட்டு சுருங்காது. கழுவிப் பார்க்காமல் வெட்டினால் முதல் துவைப்பிலேயே துணி நெளிந்துவிடும்.

சுங்குடின்னு சொல்லித்தான் வாங்கினேன், அசல்தானான்னு எப்படித் தெரியும்?

புள்ளிகளை உற்றுப் பாருங்கள். கை முடிச்சில் இரண்டு புள்ளி ஒரே அளவில் இருக்காது, ஓரம் கூர்மையாக வெட்டியதுபோல இருக்காமல் லேசாகக் கலங்கியிருக்கும், துவைக்காத துணியில் ஒவ்வொரு புள்ளியிலும் சின்னச் சுருக்கம் நிற்கும். மெழுகு அச்சு என்றால் புள்ளிகள் ஒரே அச்சில் வார்த்தவை, நடுவில் முடிபோல வெடிப்புக் கோடு ஓடும். திரை அச்சு என்றால் துணியின் பின்பக்கம் வெளிறியிருக்கும்.

மெழுகு அச்சு மோசம் என்று அர்த்தமில்லை. அதுவும் கை வேலைதான், விலையும் குறைவு. கை முடிச்சு என்று சொல்லி விற்பதுதான் தவறு.

கைத்தறியா விசைத்தறியா, பார்த்தவுடனே சொல்ல முடியுமா?

பல நேரம் முடியாது. ஓரத்தில் ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்று சொல்வார்கள். துணியை அகலத்துக்கு விறைப்பாகப் பிடிக்கும் கருவி விசைத்தறியிலும் தடம் விடும். நாடா (ஊடை நூலை இருபக்கமும் கொண்டுபோகும் கட்டை) ஓடும் விசைத்தறியில் ஓரமும் கைத்தறி மாதிரியே மூடியிருக்கும். ஊடை அடர்த்தி இடத்துக்கு இடம் சற்று மாறுவது கைத்தறிக்கு ஒரு குறிப்பு. ஆனால் கைதேர்ந்த நெசவாளர் அந்த மாற்றத்தையும் காட்டமாட்டார்.

அதனால் துணியைச் சோதிப்பதைவிட இடத்தைச் சோதியுங்கள். தறியில் பாதி நெய்திருக்கும்போதே போய்ப் பாருங்கள், பாவு ஓரத்தில் உங்கள் அடையாள நூல் ஒன்று போடச் சொல்லுங்கள். 2006இல் வந்த கைத்தறி முத்திரை ஒரு துணை ஆதாரம். 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி இப்போது 11 வகைப் பொருள்கள் கைத்தறிக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. சேலை, வேட்டி, லுங்கி, துண்டு, ஜமக்காளம் எல்லாம் அதில் உண்டு. சட்டம் குறிப்பிடும் நெசவு அமைப்பில் அவற்றை விசைத்தறியில் நெய்யக் கூடாது. ஆனாலும் நடக்கிறது, அதனால்தான் இந்தக் கேள்வியே வருகிறது.

டிசைன் வரைஞ்சு கொடுத்தா நெசவாளர் அப்படியே நெய்து தருவாரா?

பேப்பரில் வரைந்ததை நேராகக் கொண்டுபோனால் பெரும்பாலும் மாட்டார். முடியாது என்றும் வாய்விட்டுச் சொல்லமாட்டார், ‘பார்க்கலாம்’ என்பார். அந்தப் ‘பார்க்கலாம்’ வந்தால் தறியின் எல்லையை நீங்கள் கேட்கவில்லை என்று பொருள். எந்த அச்சு (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) போட்டிருக்கிறது, பாவு என்ன நிறம், இன்னும் எத்தனை மீட்டர் மீதம், ஜக்கார்டு (பாவு இழைகளைக் கொக்கியால் தூக்கி உருவம் நெய்யும் கருவி) இருந்தால் எத்தனை கொக்கி என்று கேட்டுவிட்டு அதன்பின் வரையுங்கள்.

கணக்கு இப்படிப் போகும். 60 அச்சு என்றால் அங்குலத்துக்கு 60 பாவு இழை. 240 கொக்கி ஜக்கார்டில் ஒரு கொக்கிக்கு ஓர் இழை என்றால், திரும்பத் திரும்ப வரும் உருவம் அதிகபட்சம் 4 அங்குல அகலம். உயரம் 2 அங்குலம், ஊடையும் அங்குலத்துக்கு 60 என்றால் ஓர் ஊடைக்கு ஒன்று என 120 துளை அட்டை குத்த வேண்டும். உயரத்தை இரட்டிப்பாக்கினால் அட்டைச் செலவும் இரட்டிப்பு. ஜக்கார்டு இல்லாத சாதாரணக் குழித்தறியில் (தரைக்குழியில் கால் வைத்து நெய்யும் தறி) கோடு, கட்டம், கையால் எண்ணி வைக்கும் சின்னப் புட்டா (தனித்தனிப் பூ உருவம்), இவ்வளவுதான். இவ்வளவும் போதும் என்பதற்குக் கண்டாங்கியே சாட்சி.

செலவில்லாமல் பல வகை வேண்டுமென்றால் பாவைத் தொடாதீர்கள், ஊடையை மாற்றுங்கள். மஞ்சள் பாவில் சிவப்பு, கருநீலம், பச்சை என்று மூன்று ஊடை ஓட்டினால் மூன்று தனித்தனித் துணி. பாவு மாற்றுவது என்றால் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் முனையோடு பிணைக்க வேண்டும். 48 அங்குல அகலத்துக்கு 60 அச்சில் அது 2,880 இழை.

காஞ்சிபுரம் மாதிரி கரை வேற நிறம், உடல் வேற நிறமா பருத்தியில செய்ய முடியுமா?

முடியும், அதற்குக் கோர்வை என்று பெயர். கரைக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று என மூன்று நாடா ஓடும். சேருமிடத்தில் ஊடைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். பழைய முறையில் பக்கத்தில் உதவிக்கு இன்னோர் ஆள் உட்கார வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் குழந்தைகளை உட்காரவைத்தார்கள். இன்று கோர்வை ஆர்டர் கொடுக்கும்போது உதவிக்கு யார் உட்காருகிறார், அவருக்குத் தனிக் கூலி உண்டா என்று கேட்பது வடிவமைப்பவரின் வேலைதான்.

20 மீட்டர் துணிக்கு எவ்வளவு நூல் வாங்கணும்?

நூல் எண்ணின் பொருள் தெரிந்தால் போதும். ஒரு சிட்டம் 840 கஜம், அதாவது சுமார் 768 மீட்டர். ஒரு பவுண்டு (453.6 கிராம்) எடையில் எத்தனை சிட்டம் வருகிறதோ அதுவே எண். 40ஆம் நூல் என்றால் ஒரு பவுண்டில் 30,720 மீட்டர்.

குர்தா, சட்டைக்கு ஏற்ற துணிக்கு ஒரு மாதிரிக் கணக்கு: அகலம் 48 அங்குலம், பாவு அங்குலத்துக்கு 60, ஊடை 56, இரண்டும் 40ஆம் நூல். நெசவில் பாவு வளைவதற்கு 5 சதவீதமும், தறியில் வீணாகும் முனைக்கு ஒன்றரை மீட்டரும் சேர்த்தால் பாவு நீளம் 22.5 மீட்டர். 2,880 இழை × 22.5 = 64,800 மீட்டர், எடை சுமார் 960 கிராம். ஊடையில் 20 மீட்டருக்கு ஏறத்தாழ 44,100 முறை நாடா ஓடும். ஒவ்வொன்றும் 1.28 மீட்டர் என்று வைத்தால் 56,450 மீட்டர், எடை சுமார் 835 கிராம். சுற்றுவதில் போகும் சேதத்துக்கு 5 சதவீதம் கூட்டினால் மொத்தம் 1.9 கிலோ. சாயத்துக்குக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் ஒரே முறையில் கொடுங்கள். இரண்டாம் தடவை முக்கினால் அதே நிறம் வராது.

ஆர்டர் கொடுத்தா எத்தனை நாள்ல கிடைக்கும்?

சாதாரணப் பருத்தியில் ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். புட்டா கூடினால் குறையும். ஆனால் தாமதம் நெசவில் வருவதில்லை, நெசவுக்கு முந்தைய வேலையில் வருகிறது. நூல் வாங்க, சாயமிட, தார் சுற்ற (நாடாவில் வைக்கும் ஊடை நூலைச் சுற்றுவது), பாவு போட, கஞ்சி போட, பிணைக்க என்று இரண்டு வாரம் ஓடிவிடும்.

காலமும் பார்க்க வேண்டும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவதற்கு வெயில் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வேலை நின்றுவிடும், குழித்தறியின் குழியில் தண்ணீர் ஊறிவிடும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் சேலை நெசவு உச்சத்தில் இருக்கும், புது ஆளுக்குத் தறி காலியாக இருக்காது. தை முதல் ஆனி வரை உங்கள் வேலைக்கு நல்ல காலம். ஆடை விழா டிசம்பரில் என்றால் நூலை ஜூனிலேயே வாங்கிவிடுங்கள்.

துணி அருமையா வந்துச்சு, தைச்சதும் தையல் பக்கத்துல பிரியுது, ஏன்?

கைத்தறியில் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று நகர இடம் உண்டு. சேலைக்கு அதுதான் அழகு, இறுக்கமான உடைக்கு அதுதான் ஆபத்து. கிழிவது நூல் இல்லை, இழை வழுக்கி இடைவெளி விழுகிறது. முதலில் கைக்குழி ஓரத்திலும் முதுகுத் தையலிலும் தெரியும்.

சேலைத் துணியில் தளர்வான வெட்டுகளையே போடுங்கள். தையல் விளிம்பை ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் விடுங்கள், தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர், விளிம்பை உள்ளே மூடித் தைக்கும் இரட்டைத் தையல். கைக்குழியில் மெல்லிய மல் துணி உள்பட்டை வையுங்கள். உடைக்கென்றே நெய்யச் சொல்வதானால் ஊடையை அங்குலத்துக்கு ஆறு எட்டு கூட்டச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை தறியிலேயே தீர்ந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துணிக்கட்டிலிருந்தும் 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, துவைத்து, உலர்த்தி அளந்துவிடுங்கள். 48 சென்டிமீட்டர் வந்தால் 4 சதவீதச் சுருக்கம். நீளத்தில் ஒன்றும் அகலத்தில் ஒன்றுமாகச் சுருங்குவது சகஜம், இரண்டையும் தனித்தனியே அளவில் சேர்க்க வேண்டும். கஞ்சி அதிகமாகப் போட்ட துணி கையில் கனமாக இருந்து ஏமாற்றும், கழுவிய பிறகே அதன் உண்மையான உடம்பு தெரியும்.

உப்புத் தண்ணியில ஊற வச்சா சாயம் நின்னுடும்தானே?

நிற்காது. வீடுகளில் சொல்லிச் சொல்லி வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். சாயத் தொட்டியில் உப்பு போடுவது உண்மை, அது சாயத்தை நூலின் பக்கம் தள்ளும். நூலோடு பிணைப்பது சோடா போன்ற காரம். பிணையாமல் மேலே ஒட்டியிருக்கும் சாயத்தைக் கொதிக்கும் நிலைக்கு அருகிலுள்ள சோப்புத் தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். இந்த அலசலைத்தான் நேரமும் விறகும் மிச்சம் பிடிக்கத் தவிர்த்துவிடுகிறார்கள். பிறகு வாடிக்கையாளர் வீட்டில் வெள்ளை வேட்டி சிவப்பாகிறது.

நூல் வாங்கும்போதே ஈரமான வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் சாயக்காரரிடம் திருப்பி அனுப்புங்கள். நெய்த பிறகு திருத்த வழி குறைவு.

அப்போ இயற்கைச் சாயம் போட்டா எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துடும்ல?

தீராது, வேறு பிரச்சினைகள் வரும். பருத்தியில் படிகாரம் நேரடியாக நன்றாகப் பிடிக்காது. முதலில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, பிறகு படிகாரம், அதன்பின் சாயம். இரும்பு சேர்த்தால் நிறம் கறுக்கும், அளவு மிஞ்சினால் நூல் உளுத்துப்போகும். அவுரிக்கு இந்தப் பிடிப்பான் எதுவும் வேண்டாம், அதன் தொட்டி முறையே தனி. மஞ்சள்கிழங்குச் சாயம் மட்டும் வேண்டவே வேண்டாம், வெயிலில் சில நாளில் வெளுத்துவிடும். துத்தம், குரோமியம் போட்டு நிறம் ஏற்றிவிட்டு இயற்கைச் சாயம் என்று விற்கிறவர்களும் உண்டு. அந்தக் கழிவு மற்ற சாயக் கழிவைவிட நல்லதில்லை.

கழிவின் விலை என்ன என்பதற்கு நொய்யல் ஆற்றைப் பார்த்தால் போதும். பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயத் தண்ணீரின் தேக்கமாகிப் போனது. கழிவை வெளியே விடாத முறை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. சின்ன ஆர்டர்தானே என்று உங்கள் சாயக்காரரின் கழிவு எங்கே போகிறது என்பதைக் கேட்காமல் விடாதீர்கள். கேட்டதும் பேச்சை மாற்றினால் வேறு இடம் பாருங்கள்.

ஜமக்காளத்துல ஜாக்கெட், பை தைக்கலாமா?

பைக்கு மிக நன்று, ஜாக்கெட்டுக்கு யோசித்து. பவானி ஜமக்காளத்தில் தடித்த ஊடை பாவை மூடி நிற்கும், வண்ணக் கோடும் ஊடையில்தான் வரும். அதனால் வெட்டிய ஓரத்தில் ஊடை பொலபொலவென்று உதிரும். வெட்டும் கோட்டுக்கு இருபுறமும் முதலில் நெருக்கமாகத் தையல் ஓட்டிவிட்டு, நடுவில் வெட்டுங்கள். ஓரத்தை மடிக்காமல் பட்டை வைத்து மூடுங்கள், மடித்தால் நான்கு அடுக்கு ஊசிக்குள் போகாது. 18ஆம் எண் ஊசி, தடித்த நூல், நீளமான தையல்.

ஜாக்கெட் என்றால் முன்பக்கப் பலகையிலோ முதுகிலோ மட்டும் ஜமக்காளம், கையும் பக்கமும் சாதாரணக் கைத்தறி. முழுக்க ஜமக்காளத்தில் தைத்த உடை மேடையில் கம்பீரமாக நிற்கும், சென்னை வெயிலில் யாரும் போடமாட்டார்கள்.

நெசவாளர் கூலியை எப்படிக் கணக்குப் போடுறது? அவர் சொன்னதைக் கொடுத்தா சரிதானே?

அவர் மீட்டருக்கு ஒரு தொகை சொல்வார். அதில் அவர் தறியில் உட்காரும் நாள் மட்டும்தான் இருக்கும். தார் சுற்றிய மனைவியின் நாள், கஞ்சி போட வந்தவர்களின் நாள், பிணைத்த நாள் பல நேரம் இருக்காது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள், பெரும்பான்மையோர் பெண்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. கணக்கில் வராத அந்த நாட்களுக்கும் இதில் பங்கு உண்டு.

கணக்கு விளங்க ஓர் உதாரணம், தொகை வெறும் மாதிரி. 20 மீட்டருக்கு நெசவு 5 நாள், தார் சுற்ற 2, பிணைக்க 2, கஞ்சி 1, மொத்தம் 10 ஆள் நாள். நாளுக்கு 600 ரூபாய் என்றால் 6,000, மீட்டருக்கு 300. நெசவு நாளை மட்டும் எண்ணினால் மீட்டருக்கு 150 தான் வரும். அதே பாவை 60 மீட்டராகப் போட்டால் நெசவு 15, சுற்ற 6, பிணைக்க 2, கஞ்சி 2, மொத்தம் 25 நாள், மீட்டருக்கு 250. அதாவது கூலியைக் குறைக்காமலே செலவைக் குறைக்க வழி நீளமான பாவுதான். தனியாக முடியாவிட்டால் இன்னொரு வடிவமைப்பாளரோடு ஒரே பாவைப் பகிர்ந்து ஊடையை மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதிரித் துண்டுக்கும் கூலி உண்டு. பிடிக்கவில்லை என்று நீங்கள் ஒதுக்கும் மாதிரியில் போன நாளும் நாள்தான். பாதித் தொகை முன்பணம், மீதி துணி கைக்கு வரும்போது. உடை விற்ற பிறகு தருகிறேன் என்ற பேச்சே கூடாது.

சமூகப் பிரச்சினையை உடையில சொல்லணும்னா என்ன செய்யறது, வாசகம் அச்சடிக்கிறதா?

அச்சடிக்கலாம், ஆனால் அது உடைமேல் ஒட்டிய சுவரொட்டி. உடை தானே பேசிய தருணங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி மேல்சட்டையைக் கைவிட்டு அரைவேட்டிக்கு மாறினார், கதர் வாங்கக்கூட வழியில்லாத ஏழைகளை நினைத்து. அதற்கு முந்தைய நூற்றாண்டில் தென்திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859இல் அரசாணை வந்தபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. தோளில் விழும் ஒரு துணியை வைத்து யார் யார் என்ன சொன்னார்கள் என்று இதை வாசிக்கத் தெரிந்தால், வெட்டும் மடிப்பும் எவ்வளவு பேசும் என்று புரியும்.

நடைமுறையில் ஒரு தொகுப்புக்கு ஒரு பிரச்சினை போதும், அதையும் உடையின் கட்டமைப்புக்குள் கொண்டுவாருங்கள். பெண்ணின் நடமாட்டம் பற்றிய தொகுப்பு என்றால் பை வைத்த சேலை, ஊக்கில்லாமல் உடுத்தும் சேலை. நெசவாளர் வறுமை பற்றியது என்றால் மேலே சொன்ன கூலிக் கணக்கை விலைச்சீட்டிலேயே அச்சிடுங்கள். கழிவு பற்றியது என்றால் வெட்டுத் துணி மிஞ்சாத வெட்டு. நூலின் பிறப்பிடத்தையும் விசாரியுங்கள். திருமணச் சேமிப்பு என்று சொல்லி இளம்பெண்களை மூன்று வருடம் நூற்பாலை விடுதியில் அடைத்துவைத்த ‘சுமங்கலி’ முறையில் நூற்ற நூலில் பெண் விடுதலை பற்றிய உடை நெய்தால், கேட்கிறவர் சிரிப்பார்.

தோடர் பூத்தையல் ரொம்ப அழகா இருக்கு, அதை ஸ்கேன் பண்ணி அச்சடிச்சுக்கலாமா?

கூடாது. தோடர் பூத்தையல் புவிசார் குறியீடு பெற்றது. அச்சடித்ததைத் தோடர் வேலை என்று சொன்னால் சட்டப் பிரச்சினை, சொல்லாமல் போட்டாலும் உழைப்பை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுகிறீர்கள். சடங்குகளிலும் இறப்பிலும் போர்த்தும் போர்வையின் தையல் அது. எந்த உருவம் எந்தப் பொருளில் வரலாம் என்பதைத் தைக்கும் பெண்களிடமே கேட்க வேண்டும்.

கேட்டு ஆர்டர் கொடுப்பதானால் துணியைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வரைபடம் இல்லாமல் இழையை எண்ணி எண்ணிப் போடும் தையல் அது. கண்ணால் எண்ணக்கூடிய, பாவும் ஊடையும் சம அடர்த்தியான, சற்று முரட்டு வெள்ளைத் துணி வேண்டும். 100ஆம் நூல் மெல்லிய துணியைக் கொடுத்தால் எண்ணவே முடியாது. காலர், கைப்பட்டை, முதுகுப் பட்டை என்று தனித் துண்டாகத் தைத்து வாங்கி உடையில் பொருத்துவது இருபக்கத்துக்கும் வசதி.

தெருக்கூத்து, கோலம் இதெல்லாம் யாருக்கும் சொந்தமில்லையே, எடுத்துக்கலாம்ல?

கோலம் பொதுச்சொத்துதான். புள்ளி வரிசை அப்படியே தறியின் கட்டத்தாளில் உட்காரும். வளைகோட்டுச் சிக்குக் கோலம் மட்டும் தறியில் படிக்கட்டாக உடையும், அதைப் பூத்தையலுக்கு விட்டுவிடுங்கள். கூத்து வேறு. புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கிரீடம் எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்துக் கூத்தர்களே செய்பவை. எந்த வேடத்துக்கு எந்த நிறம் என்ற ஒழுங்கும் உண்டு. தோள் வடிவத்தை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. எந்தக் குழுவிடம் கற்றீர்களோ அவர்களுக்குச் சம்பளமும் பெயரும் கொடுங்கள். உடைவிழா மேடையில் அவர்களை வேடிக்கைப் பொருளாக நிறுத்தாமல், ஆட விடுங்கள்.

‘கண்டாங்கி’ன்னு என் பிராண்ட் சீட்டுல போடலாமா?

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003 முதல் நடப்பில் இருக்கிறது. கண்டாங்கிக்கு 2019இல் குறியீடு கிடைத்தது. பதிவில் சொன்ன எல்லைக்குள், சொன்ன முறையில் நெய்த துணி என்றால், அதை நெய்தவரின் அங்கீகாரத்தோடு ‘காரைக்குடிக் கண்டாங்கித் துணியில் தைத்தது’ என்று எழுதலாம். வேறு ஊரில் நெய்த கட்டத் துணிக்கு அந்தப் பெயர் போட்டால் குற்றம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ‘கண்டாங்கி பாணி’ என்ற நழுவலையும் நம்பி இறங்காதீர்கள்.

நெசவாளர் அங்கீகாரம் பெற்ற பயனாளராகப் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் சென்னை கிண்டியில் உள்ள பதிவகத்தில் விண்ணப்பிக்க உதவுங்கள். பதிவு அவர் பெயரில்தான் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் இல்லை.

என் டிசைனையே ஒருத்தர் விசைத்தறியில அடிச்சு விக்கிறார், வழக்குப் போட முடியுமா?

முன்கூட்டியே பதிவு செய்திருந்தால் முடியும். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு 10 வருடம், பிறகு 5 வருடம் நீட்டிக்கலாம். ஆனால் வெளியிடுவதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் படம் போட்டுவிட்டால் அதுவே வெளியீடு. பதிவுக்குத் தகுதியிருந்தும் செய்யாமல், தொழில்முறையில் ஐம்பது உருப்படிக்கு மேல் தயாரித்துவிட்டால் பதிப்புரிமைப் பாதுகாப்பும் போய்விடும். இந்த ஐம்பது கணக்கு பலருக்குத் தெரியாமல் வாய்ப்பு நழுவுகிறது.

பழைய கட்டத்தையோ ருத்ராட்சக் கரையையோ உங்கள் பெயரில் பதிய முடியாது, அது புதிது இல்லை. அதில் நீங்கள் சேர்த்த புதுப் பகுதிக்கு மட்டும் கேளுங்கள். அட்டைக் கணக்கையும் வடிவத்தையும் நெசவாளரோடு சேர்ந்து உருவாக்கியிருந்தால் அவர் பெயரையும் விண்ணப்பத்தில் சேருங்கள்.

நெசவாளர் படத்தையும் பேரையும் போட்டா விற்பனை கூடுது, போடலாமா?

அவர் சம்மதித்தால். எங்கெங்கே வரும் என்று சொல்லிக் கேளுங்கள், எழுதி வாங்குங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். முதலாளியிடம் கூலிக்கு நெய்கிறவருக்கோ சங்க உறுப்பினருக்கோ, வெளி ஆர்டர் எடுத்தது படத்தால் தெரிந்து சங்கடம் வரலாம். தறி மட்டும் தெரியும் படம் போதும் என்பவர்களும் உண்டு. தார் சுற்றியவர் பெயரும் சீட்டில் வரட்டும்.

பாதி பாவு ஓடிக்கிட்டு இருக்கும்போது அவர் வேற வேலைக்குப் போயிட்டார், இப்ப என்ன பண்றது?

கோபப்படுவதற்கு முன் கடைசித் தொகையை எப்போது கொடுத்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். பாவை வெட்டி எடுத்துவிடாதீர்கள். இன்னொருவர் அதே தறியில் உட்கார்ந்து தொடர முடியும். கைமாறும் இடத்தில் ஊடை அடர்த்தி மாறும், அதனால் அங்கே ஒரு மாற்று நிற இழை ஓட்டி அடையாளம் வைத்து, வெட்டும்போது அந்த இரண்டு பகுதியும் ஒரே உடையில் வராமல் பாருங்கள்.

தறியை இறக்கியே ஆக வேண்டும் என்றால் விழுதோடும் (பாவு இழைகளைத் தூக்கும் கண்ணி நூல்கள்) அச்சோடும் சேர்த்துச் சுருட்டச் சொல்லுங்கள். அதே அகல அச்சுள்ள தறியில் அப்படியே ஏற்றலாம், 2,880 இழையை மறுபடி பிணைக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை பாவு ஏற்றும் முன்பே இரண்டாவது ஆள் ஒருவரைப் பேசி வையுங்கள்.